வெளுத்துப்போன மயில்துத்தம்

போடிமெட்டு பஸ்சில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளவட்டங்கள். ஒருவன் மடியில் காலேஜுக்குக் கொண்டுபோன தகரப்பெட்டி.

“மயில்துத்தத்தை ஏலக்காய் மாதிரி காயவச்சுட்டேன் மாப்ளே. அதான் பெயிலு.”

“என்னடா சொல்ற?”

“கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல்ல காப்பர் சல்பேட், அதான் துத்தப் படிகம் எடுத்தேன். அம்புட்டு நீலம். தாள்ல ஒத்தி எடுத்திருந்தாப் போதும். நம்ம தோட்டத்து ஏலக்காய் ஸ்டோர்ல சூடு காட்டித்தான காயோட பச்சையைக் காப்பாத்துறோம்? அந்த நெனப்புல விளக்குல காட்டிட்டேன். சுண்ணாம்பா வெளுத்துருச்சு.”

“தண்ணி தெளிக்க வேண்டியதுதான?”

“தெளிச்சேன். நீலம் வந்துருச்சு. படிகம் வரல.”

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது.

“மறுபடி எழுதலாம்ல?”

“படிச்சது போதும்னுட்டாரு எங்கப்பா. இனிமே ஸ்டோர்லதான் சோலி.”

“அங்க என்ன சோலி?”

“காய் காயவைக்கிறது.”