துளை போடாத கட்டை

எங்கள் வீட்டில் கரித்துணி கிடையாது, மேடம். அம்மா கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையாலேயே இறக்குவாள். மூட்டை தூக்கிய கை; தோல் அவ்வளவு தடிப்பு. அண்ணன் பீம்ராவுக்கும் அதே கைதான்.

நானும் அண்ணனும் எண்ணூரில் ஒரே கம்பெனி. அவன் உலையில், நான் ஆய்வுக்கூடத்தில். வீணாகப் போகும் உலைச்சூட்டில் மின்சாரம் எடுக்க சிலிக்கான் கட்டை செய்கிறோம். கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் என்ஜின் முதல் பெட்டியை இடித்தால் கடைசிப் பெட்டி வரை குலுங்கும் இல்லையா, சிலிக்கானுக்குள் சூடு அப்படித்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத துளைகளை நிறையப் போட்டுவிட்டால் அந்தக் குலுக்கல் அங்கங்கே முட்டிச் சிதறிவிடும். அடியில் அடுப்பு எரிந்தாலும் மேலே கொஞ்ச நேரம் கை வைக்கலாம். துளை போடாத கட்டையும் பார்க்க அதே சாம்பல் நிறம்தான். அடுப்பில் வைத்தால் உடனே மேலேயும் கொதிக்கும்.

தை மாசம் மேலாளர் விமல் விருந்தாளிகளுக்குக் காட்டும்போது கட்டையை மாற்றி எடுத்துவிட்டார்.

"பயப்படாத நைனா, சுடாது. நல்லா அமுக்கி வை."

"சுட்டுச்சுன்னா பிரியாணி உன் செலவு சார்" என்று அண்ணன் வலது கையை வைத்தான். தடித்த தோலுக்குச் சூடு தெரிய நேரமானது. புண் ஆறியபோது விரல்கள் மடங்கியே ஆறின. விசாரணையில் விமல், "குடிச்சிட்டு வந்து அவனா வெச்சான்" என்றார். அண்ணனுக்கு வேலை போனது. அம்மா ஊட்டிவிட, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றான்.

"இன்னாத்துக்குமா எனக்கு இந்தக் கை?"

அம்மா அடுத்த கவளத்தை நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் விமலுக்கும் வரவேண்டும் என்று தோன்றியது. அவர் கையைச் சுட்டால் அது வராது.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். வருஷா வருஷம் விமல் தன் மகள் மாயாவைக் கட்டையில் கை வைக்கச் சொல்லிக் காட்டுவார். இந்த வருஷம் விட்டுவிடவும் முடியாது. விட்டால் அண்ணன் கை வெந்ததில் தப்பு அவருடையது என்று ஆகிவிடும்.

பொரி தின்றுகொண்டே குழந்தை என்னிடம் வந்தது. "செங்கொடி அக்கா, சுடாதுல்ல?"

"உங்கப்பாவைக் கேளு."

"சுடாதுடா செல்லம்" என்றார் விமல்.

கட்டையை நான் காலையிலேயே மாற்றியிருந்தேன்.

எனக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அவர் மனைவி உங்கள் ஸ்டேஷனில் சொன்னாராம். அது நியாயமில்லை, மேடம். குழந்தை முதலில் நீட்டியது வலது கையை. "அது எழுதுற கை பாப்பா, இன்னொண்ண வை" என்று சொன்னதே நான்தான்.