ஷெட்டில் ஒலிச் சோதனை

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், காருக்குள் நல்ல ஒலி என்பது கடையில் வாங்கும் சாமான் அல்ல. வீட்டு ஷெட்டில், முழங்கால் தேய, ஒருவன் தன் கையால் செய்து முடிக்கும் தவம். மனிதகுலம் இதை இன்னும் உணரவில்லை. உணர்ந்திருந்தால், ஐயா, அன்று விசாரணைக்கு வந்த நீங்கள் என்னிடம் அவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள்.

பகலில் நான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில், வீட்டை ஒட்டிய ஷெட்டில், மனிதன். வீடும் ஷெட்டும் என் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். அது எனக்கு மறந்துவிடாதபடி அவர் பார்த்துக்கொண்டார். பெரிய ரசிகர். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, தாளம் விழும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தலையாட்டுவார்.

அவர் புது கார் வாங்கினார். ஓட்டத் தெரியாது, அதற்கு டிரைவர் இருந்தார். கம்பெனி ஸ்பீக்கர் தன் காதுக்குத் தகாது என்று வண்டியை என்னிடம் விட்டவர், போகிற போக்கில் சொன்னார்:

"மாப்ள, இதான் கடைசி வண்டி. முடிச்சதும் ஷெட்ட காலி பண்ணிடு. டிரைவருக்கு ரூம் கட்டணும்."

"மச்சான், எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்..."

"அங்க என்னத்தக் கிழிக்கிற? டப்பாவத் தட்டிக்கிட்டிருக்க. தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

மனைவியைப் பார்த்தேன். "வீட்ல சத்தமாவது குறையும்" என்றாள்.

அதற்குமேல் பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்கு. நான் கோபப்படவில்லை. வேலையைத் தொடங்கினேன்.

நான்கு கதவுகளின் உள்பலகைகளையும் கழற்றி, தகரத்தில் அதிர்வு தாங்கும் தாள் ஒட்டினேன். அதை ஒட்டிய கார் கதவைச் சாத்திப் பாருங்கள். பீரோ சாத்துவதுபோல் ஒரே 'டப்'. பலகையைக் கழற்றினால் உள்கைப்பிடியின் கம்பியும் கழன்றுவிடும், கண்ணாடி இறக்கும் சுவிட்சின் வயரும் கழன்றுவிடும். திரும்ப மாட்ட வேண்டும். நான் மாட்டவில்லை. பாட்டு ஓடும்போது அந்தக் கம்பி கிணுகிணுக்கும், காது கூசும். ஹாரன் வயரும் அப்படித்தான், டேஷ்போர்டைத் திறந்தபோது கழற்றியது. அன்று நீங்கள் கேட்டதற்கு, வேலை பாதியில் இருந்தது என்றேன். பொய் இல்லை.

சோதனைக்கு அவர் சட்டை கசங்காமல் வந்தார். டிரைவர் சீட்டைக் காட்டினேன்.

"கடைசியில என்னையே டிரைவராக்கிட்டியே மாப்ள!"

"சவுண்டு அந்த சீட்டுக்குத்தான் மச்சான் அளவு பண்ணியிருக்கு. போனைக் குடுங்க. பக்கத்துல இருந்தா ஸ்பீக்கர்ல கொர்ருனு வரும்."

ஷட்டரை இறக்கச் சொன்னது அவர்தான். தெருவில் யாரோ துணி துவைக்கிற சத்தம் அவர் ரசனைக்கு இடைஞ்சலாம். பெரிய ஆம்ப்ளிஃபயர் பேட்டரியைக் குடித்துவிடும், அதனால் எஞ்சினை ஓடவிட்டேன். இந்த வேலை செய்கிற எல்லோரும் ஓடவிடுவார்கள். புகை வெளியே போக ஷட்டரைத் திறந்துவைத்து ஓடவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேளுங்க" என்று கார் கதவைச் சாத்தினேன். டப். சமையலறைப் பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்து, அதையும் சாத்தினேன்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"கேட்டுக்கிட்டிருக்காரு."

நான் டீ போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது.

"என்னங்க, யாரோ தட்டற மாதிரி இல்ல?"

"அது பேஸ், மேள அடி. பின்னாடி வெச்ச சப்வூஃபர் அப்படித்தான் இடிக்கும்."

"இப்படி இடிச்சா அண்ணன் காது என்னத்துக்காகும்!" என்று சிரித்தாள். மறுபடி நறுக்கினாள். இத்தனை வருஷமாக என் ஷெட்டிலிருந்து வருகிற இடியோடு குடித்தனம் நடத்தியவள், நம்பினாள்.

பிறகு அது நின்றது. டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

விபத்து என்று எழுதினீர்கள். கார் போய்விட்டது. ஷெட்டைக் கேட்க ஆளில்லை. அது என்னிடமே இருக்கிறது. நான் அங்கே போவதில்லை.

ஆனால் மாலையானால் அந்தப் பக்கச் சுவர் அதிர்கிறது. மேசைமேல் இருக்கும் தண்ணீரில் வட்டம் விழுகிறது. மீதமிருந்த தாளைப் படுக்கையறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். இப்போது வெளிச் சத்தம் எதுவும் வருவதில்லை. அது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. வேலை சுத்தம். எந்தத் தாளத்தையும் விரல்விட்டு எண்ணிவிடுகிறவன் நான். இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அவசரமாக வருகிறது, தயங்குகிறது, பலமிழந்து மறுபடி வருகிறது.

மனைவிக்குக் கேட்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"அன்னைக்கு அண்ணனுக்கு என்ன பாட்டுங்க போட்டுவிட்டீங்க?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தனிப் புல்லாங்குழல். அதில் மேளமே கிடையாது.