தண்ணீர் குறையும் வண்டி

இராமநாதபுரத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. உப்புப் படிந்து ஆறே மாதத்தில் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் பிடித்து, துணியில் வடிகட்டி, பட்டறையில் இரண்டு பீப்பாய் நிறைய வைத்திருப்பேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் வேலையில் அக்கறையில்லாதவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் கூத்தையா. சொந்த ஊர் கடலாடி. சண்டைக் காலத்தில் உச்சிப்புளிப் பக்கம் ராணுவ லாரிகளில் வேலை பழகினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுமடம் அகமது கபீர் என்னிடம் வந்தது 1949இல். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், பழுது பார்க்க வந்து பேச்சுக் கொடுத்து, அப்படியே பட்டறையில் தங்கிவிட்டான். பத்து வருஷம். வெள்ளிக்கிழமை மட்டும் அவன் மனைவி காலிதாவைப் பார்க்க ஊருக்குப் போவான். மற்ற ஆறு நாளும் நானும் அவனும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்யும் நெய்னா முகம்மது மரைக்காயருக்கு வண்டிப் பைத்தியம். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப் போன 1935ஆம் வருஷத்து இரண்டு இருக்கைக் காரை அவர் வாங்கினார். அதைச் சோழவரத்துப் பந்தயத்துக்கு நான் தயார் செய்தேன், கபீர் ஓட்டினான். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் மூன்றாவதாக வந்தோம். அங்கே ஒரு மில் முதலாளி அவன் ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். பிறகு தன் வண்டியை ஓட்ட வரச் சொல்லி ஆள் விட்டுப் பேசியிருக்கிறார்.

கபீர் என்னிடம் எதையும் மறைக்கிறவன் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான்.

"அண்ணே, மெட்ராஸ்ல வீடும் தாராகளாம். இந்தப் பந்தயத்த நல்லபடியா முடிச்சிட்டு காலிதாவக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"நல்லதுலே" என்றேன். அவன் என்னை வரச் சொல்லவில்லை. அதில் தப்பில்லை. அவர்களுக்கு மெக்கானிக் இருந்திருப்பார்.

போன வருஷப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வண்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. பத்து மைல் ஓடினால் ஒரு செம்புத் தண்ணீர் காணாமல் போகும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ரப்பர் குழாய் இணைப்புகளில் சாக்குக்கட்டித் தூள் தடவிப் பார்த்தேன், கரையவில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்று அடித்தோம், ஒரு குமிழி வரவில்லை. இதற்கெல்லாம் கபீர் கூடவே இருந்தான். நாலாவது நாள் அவன் தொழுகைக்குப் போயிருந்தபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினேன். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி வந்தன. எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் போயிருந்தது. எரிந்த புகை தண்ணீருக்குள் புகுந்து தள்ளுகிறது. ஓடுகிறபோது தண்ணீர் ரேடியேட்டர் கழுத்தில் இருக்கிற கழிவுக் குழாய் வழியாகச் சிந்திவிடுகிறது.

மதுரையிலிருந்து கேஸ்கட் வரவழைத்துப் போட நாலு நாள் போதும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கழிவுக் குழாயின் வாயை ஈயம் வைத்து அடைத்தேன். தண்ணீர் வெளியே போகாது, உள்ளேயே கொதிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் கெட்டுவிடும், பந்தயம் போய்விடும், மில் முதலாளி வேறு ஆளைத் தேடிக்கொள்வார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டேன் என்று கபீரிடம் சொன்னேன். அவன் நம்பினான்.

மறுநாள் காலை உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பழைய விமானத் தளத்தில் ஓட்டிப் பார்த்தோம். மரைக்காயரும் வந்திருந்தார். கபீர் ஆறு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். வண்டி முனகியது. அவன் இறங்கி, ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். எப்போதும் அவன்தான் முதலில் திறப்பான், எப்போதும் நான் "ஆறட்டும்லே" என்பேன். அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அவனுக்கும் எனக்கும் நடுவே ஏழெட்டு அடி தூரம். சொல்ல நேரம் இருந்தது.

இதுவரைக்கும் உள்ளதை விபத்து என்றே எழுதிக்கொள்ளலாம். மரைக்காயரும் அப்படித்தான் நினைத்தார். அவருடைய வேறு காரில் கபீரை மதுரைக்குக் கொண்டுபோனோம். பீறிட்ட வெந்நீரில் முகமும் கழுத்தும் வெந்திருந்தன. வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் பார்வை திரும்பும் என்றார். மூன்று வாரத்துக்கு மருந்து கொடுத்தார். நாளுக்கு ஆறு தடவை விட வேண்டும், விட்டால் எரியும், எரிகிறது என்று நிறுத்திவிடக் கூடாது என்றார்.

கபீரைப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். வெளிச்சம் படாத அறை. காலிதா கைக்குழந்தையோடு புதுமடத்தில் இருந்தாள், வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள். அவனைக் கூட்டி வந்த நாளே வெள்ளிக்கிழமை, முதல் மருந்தை அவள்தான் விட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தான். பிறகு சொன்னான், ஒற்றைக் கண் போதும், ஒற்றைக் கண்ணால் லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கண் தெளிந்ததும் மில் முதலாளிக்குக் கடிதம் போட வேண்டும் என்று. காலிதா சிரித்தாள். வெந்த முகத்தோடு அவனும் சிரித்தான்.

மறுநாளிலிருந்து நான் மருந்து விடவில்லை. பீப்பாயில் இருந்த மழைத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து விட்டேன். அசுத்தமான எதையும் விடவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆறு தடவை என்றால் ஆறு தடவை.

"காலிதா விட்டா எரியிதுண்ணே. ஒங் கை பட்டா எரியவே மாட்டேங்குது" என்றான்.

காலிதாவிடமும் அதையே சொல்லி, இனி நீ விட வேண்டாம், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றான். அவளும் எனக்கு நன்றி சொன்னாள். இரண்டாவது வாரம் கண்ணில் சீழ் வைத்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்ன செய்தும் கேட்கவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார், சிலருக்கு அப்படி ஆகும் என்றார்.

அதன் பிறகு ஒரு வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். மரைக்காயர் அந்தக் காரை விற்றுவிட்டார். கபீர் பட்டறையில் எஞ்சின்மேல் மரக்கட்டையை வைத்து, அதில் காதை ஒட்டிக்கொண்டு, எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்வான். பெரும்பாலும் சரியாக இருக்கும். குளிக்க வைப்பேன், மீனில் முள் எடுத்துப் போடுவேன், வெள்ளிக்கிழமை கைபிடித்துப் பள்ளிவாசல் படி வரைக்கும் கொண்டுவிடுவேன். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் அடிபட்டுச் சாகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவன் உயிரோடு இருக்கிறான்.

போன வாரம் பெருநாளுக்கு அவனை ஊருக்குக் கூட்டிப்போக காலிதா வந்தாள். அவன் துணிகளை எடுத்து வைக்கும்போது பரணில் பழைய கேஸ்கட் பெட்டியைத் திறந்திருக்கிறாள். உள்ளே ஐந்து மருந்துப் புட்டிகள், முத்திரை உடையாமல் இருந்தன. விலை உயர்ந்த மருந்து, கொட்ட எனக்கு மனம் வரவில்லை. புட்டிகளை எடுத்துக்கொண்டு நேராக மதுரை பஸ் ஏறிவிட்டாள். இது கண்ணில் விடக் கொடுத்த மருந்தேதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உங்களிடம் வந்தாள்.

இன்று காலையில் அவனை இங்கே கூட்டி வந்தீர்கள். காலிதா தோளைப் பிடித்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றான். குழாயை அடைத்ததை நானே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. நான் நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டான்.

"எடது கண்ணுமாண்ணே?"

"ஆமாலே" என்றேன்.

காலிதாதான் அவனைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். வாசற்படியில் அவன் தடுக்கினான். படி இருக்கிறது என்று அவள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இனி அவள் பழகிக்கொள்வாள்.

நான் சொன்னதெல்லாம் நிஜம். யாரும் அடித்து வாங்கியதில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும், ஐயா. அவன் என்னிடம் இருந்த பதினொரு வருஷத்தில், அவனுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.