கண்ணாடிப் பெட்டியில் ஒரு காலை

படம் எடுக்க, முகத்துக்கு வெயிலைவிட மேக மூடாப்புதான் நல்லது. வெயில் கண்ணுக்கடியில் குழி விழவைக்கும்; மூடாப்பு யாரையும் கொஞ்சம் நல்லவராகக் காட்டும். பாறசாலையில் நாற்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் சொல்கிறேன். புத்தகத்தில் போட வேண்டும் என்று நீங்கள் கேட்டு வந்திருக்கும் படமும் மூடாப்பில் எடுத்ததுதான்.

ஐம்பத்துநாலில், போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த வாரம். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களை வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். போராட்டக்காரர் சத்தியதாஸ் வந்து, செங்கல் என்ற கிராமத்தில், மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளை ஒன்றுக்குள் இருந்த கொப்பரைக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போனார். குண்டடிபட்ட மூன்று பேர் அங்கே கிடந்தார்கள். கனகதாஸ், பாலையன், தேவகுமார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள். நடந்த அக்கிரமத்துக்குச் சாட்சியாக மதறாஸுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றார் சத்தியதாஸ்.

கனகதாஸின் பெண்டாட்டி சுகிர்தபாய் மூவருக்கும் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இத வேற ஆரும் காணப்பிடாது. கண்டா இவிய உயிரு நமக்கில்ல."

"ஒருத்தரும் காணமாட்டாவ மக்கா. எனக்க பொறுப்பாக்கும்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவர்களைக் கொட்டகை வாசலில் உட்காரவைத்து, காயக் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னேன். கட்டு இருந்தால் சாட்சி ஏது? கனகதாஸின் தொடையில் துணி ஒட்டியிருந்தது. சுகிர்தபாய் வெந்நீர் விட்டுப் பிரித்தாள். அப்போது பார்த்து வெயில் அடித்தது. மேகம் வர முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அவனுக்கு மறுபடி ரத்தம் வந்து முகம் வெளுத்தது. அந்த வெளுப்பு படத்துக்கு நன்றாக உதவியது.

பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கல்யாண ஜோடிகளையும் சபைக் கமிட்டிகளையும் எடுத்து வயிறு வளர்த்தவன் நான். ஒரு பிரதியைச் சத்தியதாஸிடம் கொடுத்தேன். இன்னொன்றைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, கீழே வெள்ளை மையில் இடமிருந்து வலமாகப் பெயர், தகப்பன் பெயர் எழுதினேன். எங்கள் பக்கம் குரூப் போட்டோ என்றால் அப்படித்தான். பெயர் எழுதாவிட்டால் வேலை முடிந்ததாகவே மனம் ஒப்பாது. எடுத்த இடம், யாருடைய விளை என்பதையும் எழுதினேன். சபைப் படத்தில் ஆலயத்தின் பெயர் போடுவதில்லையா?

மறுநாள் கடை திறந்ததும் வாசல் கண்ணாடிப் பெட்டியில், ஒரு மணப்பெண்ணுக்கும் ஒரு சபை உபதேசியாருக்கும் நடுவே அதை மாட்டினேன். ஊர் உலகம் இந்தக் கொடுமையை அறியட்டும் என்றுதான்.

ஒன்பதரைக்கு, நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்காக நின்ற போலீஸ் ஏட்டு ஒருவர் அந்தக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவினார். பாதியில் சீப்பு நின்றது. பாக்கெட் நோட்டை எடுத்து நிதானமாக எழுதிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் போனபின் படத்தை இறக்கினேன். செங்கலுக்குச் சைக்கிளில் அரை மணி. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே ஞானஸ்நானம் முடிந்த குழந்தையோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. குழந்தை அழுகையை நிறுத்த நேரமாயிற்று. பிறகு சாப்பிட்டேன். போலீஸ் வண்டி இரண்டு மணிக்குத்தான் செங்கலுக்குப் போயிற்று.

மூவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கனகதாஸ் நாலாம் நாள் காவலில் செத்தான். பாலையன் திரும்பி வந்தான். பெற்ற தாயை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தேவகுமாரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படத்தை எடுக்கச் சுகிர்தபாய் என்னைத்தான் அழைத்தாள். "காட்டிக்குடுத்தவன் வெளங்கமாட்டான் அண்ணா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். கையை விடுவித்துக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன்.

காட்டிக்கொடுத்தது கொட்டகை தெரிந்த சத்தியதாஸ்தான் என்று ஊர் பேசியது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? வெள்ளறடையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் தூக்கில் தொங்கினார். நல்ல மனிதர். எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டு வருஷத்தில் எல்லை போட்டார்கள். செங்கலும் பாறசாலையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. செத்தவர்கள் செத்ததுதான் மிச்சம்.

சைக்கிளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பயம் என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் பயமில்லை. அந்தக் குழந்தையும் ஒரு சாக்குதான். போய்ச் சொன்னால் மூவரையும் வேறிடம் மாற்றிவிடுவார்கள் என்று சீப்பு நின்ற கணத்திலேயே எனக்குத் தெரியும். தப்பியிருந்தால் நெய்யாற்றின்கரைச் சந்தையில் மரச்சீனி விற்றுக் கிழவர்களாகிச் செத்திருப்பார்கள். அப்படி மூன்று பேரின் படத்தைத் தேடி, நீங்கள் சென்னையிலிருந்து இத்தனை தூரம் வந்திருப்பீர்களா?