பத்தொன்பதாவது எலக்ட்ரான்

வேணாம்மா, மடியிலயே இருக்கட்டும். மேல தட்டுல மத்த பையோட வெச்சா நசுங்கிடும், கேக்கு. நான் எறங்கப் போற கெபஞ்சென்ல என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி இருக்கா, அவளுக்கு. அவ வேலை பாக்குறதே கேக் கடையிலதான். கேக் கடைக்காரிக்கே கேக் தூக்கிட்டுப் போற அளவுக்குத்தான் என் புத்தி. டீச்சராச்சே.

கெமிஸ்ட்ரி. படிச்சது என்னமோ தாவரவியல்தான், சிரிக்காத. கெமிஸ்ட்ரிக்கு ஆளில்லன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். எலக்ட்ரான் பாடம் வந்துச்சு. அணுவுக்குள்ள கூடு கூடா இருக்காம், முதல் கூட்டுல ரெண்டு பேர் உக்காரலாம், அடுத்ததுல எட்டு, மூணாவதுல பதினெட்டு. அட, இவ்வளவுதானான்னு அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்ல நான்.

பரீட்சைல பொட்டாசியம் குடுத்தேன். அதுக்குப் பத்தொன்பது எலக்ட்ரான். ரெண்டு, எட்டு போக மிச்சம் ஒம்பது. மூணாவதுலதான் பதினெட்டு எடம் கெடக்கே, தாராளமா உக்காரும்னு என் கணக்கு. வகுப்பே அப்படித்தான் எழுதுச்சு, சொல்லிக்குடுத்தது நானாச்சே. நிங்ரும்னு ஒருத்தி மட்டும் ரெண்டு, எட்டு, எட்டு, ஒண்ணுன்னு எழுதியிருந்தா. சிவப்புப் பேனால ஒரு கோடு இழுத்தேன். உள்ள எடமிருக்க வெளிய எதுக்கு உக்காரணும்னு பக்கத்துல நக்கல் வேற.

ஆமா, அவ எழுதினதுதான் சரி. மூணாவதுல மிச்சமிருக்கிற எடமெல்லாம் மாடியிலன்னு வெச்சுக்கயேன். நாலாவதுல முதல் எடம் அதைவிடக் கீழ. பத்தொன்பதாவது ஆளு மாடி ஏறாம அங்க போய்த் தனியா உக்காந்துக்கும்.

பேப்பரோட வந்தா பாவம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, மன்னிச்சுக்கங்க டீச்சர், எனக்குத்தான் புரியலையோ என்னமோன்னா. புரியலதான், போய்ப் படின்னேன். இங்கிஹ் டீச்சர்னு சொல்லிட்டுப் போயிட்டா. நீ ஜகார்த்தாக்காரி, உனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க ஜாவாப் பேச்சுல இங்கிஹ்னா ஆமாங்க, சரிங்கன்னு அர்த்தம். பெரியவங்ககிட்ட இல்லன்னு சொல்ல வாய் வராதப்பவும் அதையேதான் சொல்லுவோம். பொறந்ததுலேர்ந்து இதைப் பேசுறவ நான், அவ சொன்னது எந்த இங்கிஹ்னு எனக்குத் தெரியாதாக்கும்.

ஒரே ஒரு மார்க்கு. யூனிவர்சிட்டிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நல்ல மார்க்கு வாங்கினவங்க பட்டியல் ஒண்ணு அனுப்புவோம், அந்த ஒரு மார்க்குல அதோட கடைசி எடம் அவ கையை விட்டுப் போச்சு. வேற வழில படிக்க வெக்க வீட்டுல வசதியில்ல. அதான் கேக் கடை.

போன மாசம் ஒருவாட்டி போனேன். ஓடி வந்து என் கையை எடுத்து நெத்தில ஒத்திக்கிட்டா. எம்மேல கோவமாம்மான்னு கேட்டேன். இல்ல டீச்சர்னா. ஆமாங்கிறதே எங்க ஊர்ல இல்லன்னு ஆகும்போது, இல்லன்னா அதை என்னன்னு எடுத்துக்கிறது? ரெண்டு பன்னு வாங்கிட்டு ஓடியாந்துட்டேன்.

என்னம்மா கேட்ட? தப்புன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுதா?

அவ பேப்பரோட வந்துட்டுப் போனாளே, அன்னைக்கேதான். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், பொட்டாசியமே படத்தோட இருந்துச்சு. பட்டியல் மறுநாள்தான் போச்சு. ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்களேன்னு புஸ்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

அதை இன்னும் அவகிட்ட சொல்லல. சொன்னா, இங்கிஹ் டீச்சர்னுதான் சொல்லுவா. இந்தத் தடவை எந்த இங்கிஹ்னு நின்னு கேட்டுட்டுத்தான் வரணும். கொஞ்சம் காலை எடும்மா, ஸ்டாப் வந்துருச்சு.