ஆடி மாதம் வந்த டேப்

அந்தக் கம்ப்யூட்டர் அதிகாரிதான் குற்றவாளி. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம் போகிற பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் பேசியதைக் கேட்டேன். இளையவள் ஒரு கல்லூரியின் தேர்வு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சஸ்பெண்ட் ஆகியிருக்கிறாள். மற்றவள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஆடியில கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் ஏத்தக்கூடாதுன்னாரு எங்க அதிகாரி, அக்கா.”

“என்னத்தடி?”

“டேப்பை. நாங்க கட்டளை அடிக்கிற ஷெல் புரோகிராம்ல ஓட்டை இருக்கு, எவன் வேணா புகுந்துடலாம், உடனே அடைங்கன்னு கம்பெனிக்காரங்க திருத்தின புரோகிராமை டேப்புல பதிஞ்சு அனுப்பினாங்க. இவரு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. ஆவணி பொறக்கட்டும்னாரு.”

“ஓட்டைக்கு ஆடி, ஆவணி தெரியுமா?”

“எவனோ என் பேர்ல உள்ள புகுந்து பிள்ளைங்க மார்க்கையெல்லாம் அழிச்சுட்டான். நான்தான் அழிச்சேன்னு எழுதிட்டாங்க. திங்கக்கிழமை விசாரணை. வேலை போயிடும்க்கா.”

“டேப் வந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?”

“அப்படி ஒரு டேப்பே வரலைங்கறாரு.”

“அடப்பாவி! அவரு வீட்டுக் கூரை ஒழுகினா ஆடி முடியட்டும்னு நனைஞ்சுக்கிட்டு உட்காருவாரா?”

அவள் சிரிக்கவில்லை. காவிரிப் பாலம் முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.

அதிகாரியே, டேப் வந்ததா இல்லையா? திங்கட்கிழமை அவளை எதிரே நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.