மூணடி ஒசத்துன வீடு

...ரூலு ரூலுன்னு சொல்லிப்புட்டு நீங்க பாட்டுக்கு ஆபீசுல போயி ஃபேனப் போட்டு உக்காந்துக்கிருவீக. ஓடைக்கரையில குடியிருக்கிறது நாங்கல்ல? உக்காருங்கம்மா... அனுப்பிரியாதான உங்க பேரு? நகராட்சி எஞ்சினியருன்னதும் மீச வச்ச ஆளு வருவாருன்னு நெனச்சேன். டீயக் குடிங்க. இருளம்மா வீட்டப் பொறவு அளக்கலாம், அது எங்கயும் போயிராது. பின் சொவரு விளுந்து ஒரு மாசமா அப்படியேதான் கெடக்கு. அவ ரேசன் கடைக்குப் போயிருக்கா. நா பக்கத்து வீட்டுக்காரி, குல்சார் பேகம். அவ குடும்பம் மொத்தமும் இப்ப எங்க வீட்லதான்.

ஓடைங்கறீக. எந்த ஓடை? இந்த ஓடையில தண்ணி போயி எம்புட்டு வருசமாச்சு! சீமைக்கருவேல முள்ளும், கறிக்கோழிக் கடைக்காரன் கொட்டுற றெக்கையுந்தான் போகுது. அதுவும் போகல, கெடக்கு. அதுக்கு ஒரு வெள்ள மட்டம்! கரண்டுக் கம்பத்துல செவப்பு பெயிண்ட்டுல ஒரு கோடு போட்டுட்டுப் போனீக பாருங்க... எங்க ஆடு கூட அண்ணாந்து பாத்துச்சு.

எங்க மவன் முஹ்சினுக்கு நிக்காஹ் பேசி முடிச்சப்ப, மாடியில ஒரு ரூம்பு எடுக்கலாம்னு மனு குடுத்தோம். அம்புட்டுத்தான். மாடியக் கேட்டா தரையப் பத்திப் பேசுறாக! வீடு அந்தக் கோட்டுக்குக் கீள இருக்காம். மொதல்ல தரையக் கோட்டுக்கு மேல கொண்டு வாங்க, பொறவு மாடி கட்டுங்கன்னாக. தரை என்ன பாயாம்மா, சுருட்டி மேல எடுத்து வைக்க?

எங்க வீட்டு ஆளு பீர் முகைதீன், வத்தல் கமிசன் கடை வச்சிருக்காக. அங்க இங்க விசாரிச்சு, ஜாக்கி வச்சு வீட்டத் தூக்குற ஆளுகளக் கூட்டியாந்துட்டாக. டயரு மாத்துவாகள்ல, அந்த ஜாக்கிதான். சொவருக்கு அடியில வரிசையா நொளச்சு, ஒருத்தன் விசிலு ஊத, எல்லாவனும் ஒரு திருகு. மறுபடி விசிலு, மறுபடி ஒரு திருகு. நா கூட்டிப் பெருக்குன வீடும்மா... மேலுக்கு முடியாதவுக எந்திரிக்கிற மாதிரி மெல்ல மெல்ல எந்திரிச்சுச்சு. நா அளுதுட்டேன். எதுக்கு அளுதேன்னு இன்னும் தெரியல.

அதுவரைக்கும் எங்க இருந்தோமா? இருளம்மா வீட்லதான். எங்க பீரோ, ஃபிரிஜ்ஜு, வத்தல் மூட, எல்லாம் அங்கனதான். அது நோம்பு மாசம். விடியுமுன்ன சஹரு சாப்பாட்டுக்கு நா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சிருப்பா. "நீ போயித் தூங்குடி"ம்பேன். "எனக்கு ஒறக்கம் வரல மதினி"ம்பா. பொய்யி! அடுப்படியில நின்னுக்கிட்டே தூங்குவா.

இப்ப அவ எங்க வீட்ல... கேக்காதீக! எதுல பாத்தாலும் பெருங்காயம். நேத்து பிரியாணிக்குத் தாளிக்கிறேன், டப்பாவோட வந்து நிக்குறா. அவ புருசன் ஒச்சப்பன் அண்ணன் கொறட்ட விட்டாருன்னா, தூக்குன வீடு இன்னும் ரெண்டு இஞ்சு ஏறுது. அதக் கூடப் பொறுத்துக்கிருவேன்மா. போறவ வாரவகிட்டயெல்லாம், "எங்க மதினி இல்லாட்டி நாங்க தெருவுலதான்"னு சொல்றா பாருங்க... அதத்தான் பொறுக்க முடியல. போன வெள்ளிக்கெளம கோயிலுக்குப் போயி என் பேருக்கு அர்ச்சன பண்ணிட்டு வந்திருக்கா. பூசாரி என்ன நச்சத்திரம்னு கேட்டாராம். "நோம்புப் பெருநா"ன்னு சொல்லியிருக்கா!

அவளுக்கும் அதே ரூலாமே? ஓடை வெள்ளத்துல விளுந்த சொவர எடுக்கணும்னா மொதல்ல வீட்டத் தூக்கணுமாம். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுறாரு, சீசன் இல்லன்னா அதுவும் ஓடாது. அவரு எங்கிட்டுத் தூக்க? அப்படியே எல்லாரும் தூக்கிட்டா, தண்ணி எங்கிட்டும்மா போகும்? நீங்க படிச்சிருக்கீகள்ல...

இல்லம்மா, ஓடைத் தண்ணி இல்ல. அவ சொவரு விளுந்த அன்னைக்கு ஓடை நெறையவே இல்ல. ஐப்பசி மள கொட்டு கொட்டுன்னு கொட்டி, பைபாஸ் ரோட்டுலருந்து எறங்குன தண்ணி. எப்பவும் எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள முடுக்கு வளியாத்தான் ஓடைக்குப் போகும். அன்னைக்குப் போகல. திரும்பி அவ வீட்டுக்குள்ள போச்சு.

ஏன் போகலையா?

...டீ ஆறுது பாருங்க.

வீட்டத் தூக்கிட்டா வாசலு ஒசந்துருமில்ல? எங்க வீட்டு ஆளுக்கு முட்டி வலி. ஸ்கூட்டரயும் ஏத்த முடியல. நாந்தான் சரிவா ஒரு ரேம்பு போடச் சொன்னேன்... முடுக்குலதான் எடம் இருந்துச்சு. கொத்தனாரு தங்கச்சாமி, "அடியில தண்ணி போக ஒரு குளாயப் பொதச்சு விடவா"ன்னு கேட்டாரு. வேணாம், பெருச்சாளி வரும்னுட்டேன். மாடிக்குத்தான் ரூலு கேட்டோம். ரேம்புக்கு யாரு கேட்டா?

அவளுக்குத் தெரியாதும்மா. ஓடை பொங்கிருச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. சொல்லிரலாம்னு நா வாயத் தொறந்தா, "சாப்பிட்டீகளா மதினி"ங்கறா. பொறவு எங்கிட்டுச் சொல்ல?

நீங்க ஒண்ணு செய்யுங்க. தண்ணி போற வளிய அடைக்கக் கூடாதுன்னு ரூலு இருக்கில்ல? இருக்கும், உங்ககிட்ட இல்லாத ரூலா! அதச் சொல்லி அந்த ரேம்ப இடிக்கச் சொல்லிருங்க. இன்னைக்கே. ஓடையால சொவரு விளலன்னும் எளுதிருங்க, அவ வீட்டத் தூக்க வேணாம்ல? சொவர நாங்க எடுத்துக் குடுத்துருவோம். நா கத்துவேன். கவுன்சிலரக் கூட்டியாரேம்பேன். நீங்க விடாதீக. ஏன் இடிக்கிறீகன்னு அவ கேட்டா, ரூலுன்னு சொல்லுங்க. எல்லாத்துக்கும் அதத்தான சொல்றீக.

அந்தா, அரிசிப் பையோட வாரா. எந்திரிங்க, எந்திரிங்க. டேப்ப எடுத்துக்கிட்டு முடுக்குல போயி நில்லுங்க. மூஞ்சியக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்கங்க... சிரிக்காதீகம்மா!

...ஏம்மா! யாரக் கேட்டு என் ரேம்ப அளக்குறீக? இடிப்பீகளா? எங்க, கைய வச்சுப் பாருங்க பாப்போம்! ஏ இருளம்மா... வெரசா வாடி, வந்து இந்த அநியாயத்தக் கேளு!